கட்டுநாயக்கவில் இறங்கி வன்னி நகர விடுதிக்கு வந்து சேர்வது எப்படி

வன்னிக்கு முதன்முறை வருகிறவர்களில் பலர் விமான நிலையத்தில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தால் விடுதி வந்துவிடும் என்ற கணக்கில் வருகிறார்கள். விமான நிலையம் இருப்பது கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்கவில். அங்கிருந்து வவுனியா ஏறத்தாழ 230 கிலோமீற்றர். கிளிநொச்சி அதற்கும் வடக்கே 75 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவுக்கு மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்பி இன்னொரு 50 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஊருக்கு வெளியே வாகனங்களுக்கு மணிக்கு 70, ஊர்களுக்குள் 50 என்பதுதான் வேக எல்லை. கண்டியிலிருந்து வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பொலிஸார் அதை அளந்து பிடிக்கிறார்கள். ஆகவே வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம், கிளிநொச்சிக்கு ஆறரை, முல்லைத்தீவுக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சீக்கிரம் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு சாரதி சொன்னால் அவருடைய வாகனத்தில் ஏற வேண்டாம்.

எந்த ஊர் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்

வன்னி ஒரு நகரத்தின் பெயரல்ல. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்து அப்படிச் சொல்கிறோம். விடுதி பதிவுசெய்யும் செயலிகளில் ஊர்ப்பெயரைத் தட்டும்போது இங்கேதான் முதல் குழப்பம் வருகிறது. வவுனியா வேறு, வவுனிக்குளம் வேறு. வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய், மல்லாவிப் பக்கம் இருக்கிறது. புதுக்குடியிருப்பு என்ற பெயரில் மட்டக்களப்பிலும் ஓர் ஊர் உண்டு. குளத்தில் முடிகிற பெயர்களுக்கோ இங்கே கணக்கே இல்லை. விடுதியின் பெயர், வீதியின் பெயர், மாவட்டம் மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி மின்கலம் தீர்ந்துபோன நேரத்தில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இணையத்தில் பணம் கட்டியாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். சிறிய நகரங்களின் விடுதிகளில் பதிவு வந்ததையே சிலவேளை பார்த்திருக்க மாட்டார்கள். புறப்பட இரண்டு நாள் முன்னர் விடுதிக்கு நேரடியாக அழைத்துப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து அழைப்பதானால் 94 போட்டு, பகுதிக் குறியீட்டின் முன்னுள்ள பூச்சியத்தை விட வேண்டும். வவுனியாவுக்கு 24, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் 21, மன்னாருக்கு 23. அழைக்கும்போது மூன்று விடயம் கேளுங்கள்: பதிவு இருக்கிறதா, எத்தனை மணிவரை வாசல் திறந்திருக்கும், எந்தச் சந்தியில் இறங்கினால் கிட்ட.

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வீட்டிலக்கத்தைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. சந்தி, கட்டை, கோயில், பள்ளிக்கூடம், வங்கி என்றுதான் வழி சொல்வார்கள். குருமன்காட்டுச் சந்தி, கரடிப்போக்குச் சந்தி, டிப்போச் சந்தி என்று சொன்னால் ஓட்டோக்காரருக்கு உடனே விளங்கும்.

விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்து வழியைத் தெரிவுசெய்யுங்கள்

ரயிலா, பஸ்ஸா, வாகனமா என்று பலர் செலவைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். நாங்கள் நேரத்தைப் பார்க்கச் சொல்வோம். பொழுது சாய்வதற்கு முன்னர் விடுதி வாசலில் நிற்பதுபோல் எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வன்னி நகரங்கள் நேரத்தோடு அடங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கடைகள் குறைவு, ஓட்டோக்கள் அதைவிடக் குறைவு.

நள்ளிரவை ஒட்டி இறங்கினால், விமான நிலையத்திலேயே இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு, அதிகாலையில் கொழும்புக் கோட்டைக்குப் போய்க் காலை ரயிலைப் பிடிக்கலாம். இறங்கியதிலிருந்து பொதியோடு வெளியே வர ஒன்றரை மணித்தியாலம், கோட்டைக்குப் போக ஒரு மணித்தியாலம், அதன்மேல் அரை மணித்தியாலம் கையிருப்பு. இந்த மூன்று மணித்தியாலம் இல்லையென்றால் அந்த ரயிலை நம்பிப் பதிவுசெய்ய வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கும் காலை பத்து மணிக்கும் இடையில் இறங்கினால் வாகனம் பேசி நேரே வருவதுதான் நல்லது. வவுனியாவென்றால் மாலைக்குள் வந்துவிடலாம். நண்பகலில் இறங்குகிறவர்கள் வவுனியாவுக்குப் பொழுதுபடும் நேரத்தில் வந்துவிடலாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இருட்டில்தான் வரும்.

மாலையிலோ முன்னிரவிலோ இறங்கினால், தயவுசெய்து அன்றைக்கே வன்னிக்குப் புறப்பட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நீர்கொழும்பு. அங்கே ஒரு இரவு படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். இது வீண் செலவுபோலத் தெரியும். ஆனால் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் இரவுப் பயணத்தில் படும் பாட்டைப் பார்த்தால் அந்த ஒரு இரவு வாடகை பெரிதாகத் தெரியாது.

விமான நிலையத்துக்குள்

விசா ஒழுங்குகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படுமுன் இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ தளத்தில் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி பற்றிப் பாருங்கள். அதே பெயர் மாதிரித் தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தளங்கள் நிறைய உண்டு. வடக்குக்குப் போக முன்னர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. 2015 தை மாதத்தோடு அது நீங்கிவிட்டது. ஆயினும் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள். வழியில் எங்காவது மறித்தால் காட்டிவிட்டுப் போகலாம்.

குடிவரவு, பொதி, சுங்கம் முடிந்து வெளியே வரும் கூடத்தில் வங்கி முகவர்கள் வரிசையாக இருப்பார்கள். இங்கேயே பணம் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கண்ணாடிகளில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு மாற்றுவது ஒரு நிமிட வேலை. முக்கியமானது, எல்லாவற்றையும் 5000 ரூபாய்த் தாளாக வாங்காமல் 100, 500, 1000 தாள்களையும் கேட்டு வாங்குவது. பஸ் நடத்துநரும் ஓட்டோக்காரரும் வடை விற்கிறவரும் 5000 தாளுக்கு மிச்சம் தர வழியில்லை. மிச்சம் பிறகு தருகிறேன் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். பற்றுச்சீட்டை வைத்திருங்கள், திரும்பும்போது மீதி ரூபாயை மாற்ற உதவும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல்: 2024 மாசி மாதத்திலிருந்து இலங்கையிலும் யூ.பி.ஐ. வேலை செய்கிறது. கொழும்புக் கடைகளில் அது பயன்படும். வன்னியில் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் காசுதான்.

சிம் அட்டையும் அதே கூடத்தில் வாங்கலாம், கடவுச்சீட்டைக் கேட்பார்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றும் இருக்கின்றன. ஏ9 வீதியிலும் நகரங்களிலும் தொடர்பு நன்றாகக் கிடைக்கும். முல்லைத்தீவின் உட்பகுதிகளிலும் காட்டோர வீதிகளிலும் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே வரைபடத்தைத் தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வரைபடச் செயலி சொல்கிற எல்லா வழியையும் நம்பவும் வேண்டாம். மன்னாருக்குப் போகிறவர்களுக்கு அது சிலவேளை புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டினூடாக ஒரு குறுக்கு வழியைக் காட்டும். அதை நம்பிப் புறப்படக் கூடாது. அநுராதபுரம், மதவாச்சி வழியாகப் போவதுதான் சரியான பாதை.

இன்னொன்று. விமான நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் ஊர்ப்பெயர்கள் சிங்களத்தில்தான் அதிகம் காதில் விழும். யாழ்ப்பாணத்தை ‘யாப்பனய’ என்பார்கள். வவுனியா ‘வவுனியாவ’, மன்னார் ‘மன்னாரம’, கிளிநொச்சி ‘கிலினொச்சிய’. கோட்டை ரயில் நிலையம் ‘கொட்டுவ’, புறக்கோட்டை ‘பிட்டகொட்டுவ’. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும், ஆனால் நடத்துநர் கூவுவது அதுவல்ல.

வாகனம் பேசி வருவதானால்

இரண்டு விதம் உண்டு. விமான நிலையக் கூடத்தில் இருக்கும் டாக்சி முகவரிடம் விலை கேட்டு, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வருவது ஒன்று. வன்னியிலிருந்தே ஒரு வாகனத்தை முன்கூட்டி ஒழுங்குசெய்து வரவழைப்பது மற்றது. விடுதியில் கேட்டாலே ஆளைச் சொல்வார்கள். விலையைப் பொறுத்தவரை ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: எப்படிப் பார்த்தாலும் ஒரு பக்கம் வாகனம் வெறுமனே ஓட வேண்டும். கட்டுநாயக்க வாகனம் உங்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும், வவுனியா வாகனம் வெறுமனே வந்து உங்களை ஏற்றும். அதனால் 230 கிலோமீற்றருக்குரிய காசு மட்டும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வேறு சவாரியோடு சேர்த்து வருகிற வன்னி வாகனம் கிடைத்தால் விலை இறங்கும்.

வன்னியிலிருந்து வரும் வாகனத்தில் நாங்கள் மிகவும் கவலைப்படும் விடயம் சாரதியின் தூக்கம். அவர் இரவு பத்து மணிக்கு வவுனியாவில் புறப்பட்டு, அதிகாலை மூன்று மணிக்குக் கட்டுநாயக்க வந்து, உங்களை ஏற்றிக்கொண்டு உடனே திரும்பினால், பத்து மணித்தியாலத்துக்கு மேல் கண்விழித்து ஓட்டுகிறார். பளபளப்பான நேரான வீதி, விடியற்காலைக் குளிர்காற்று, பின்னால் எல்லோரும் நித்திரை. இந்த வீதியில் நடக்கும் விபத்துகளில் பல இந்த நேரத்துக்குரியவை. ஆகவே பேசும்போதே கேளுங்கள்: “அண்ணை, முதல்நாள் பின்னேரமே வந்து படுத்திட்டு ஏத்துவீங்களா?” அதற்காகக் கூடக் கொஞ்சம் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். இரண்டு சாரதிகள் வருவார்களென்றால் இன்னும் நல்லது. வழியில் தேநீருக்கு நிறுத்தச் சொன்னால் அவரையும் கூப்பிட்டுக் குடியுங்கள்.

பேசிய விடயங்களை வட்ஸ்அப்பில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமான இலக்கம், இறங்கும் நேரம், சேருமிடம், மொத்தத் தொகை, அந்தத் தொகைக்குள் அதிவேக வீதிக் கட்டணமும் வாகனத் தரிப்பிடக் கட்டணமும் அடங்குமா, விமானம் பிந்தினால் எத்தனை மணித்தியாலம் காத்திருப்பார், ஏசி போடுவாரா. சண்டைகள் வருவது பெரும்பாலும் மொத்தத் தொகையில் அல்ல, இந்த ‘அடங்குமா’ என்ற இடத்தில்தான். முற்பணம் கேட்டால் சிறுதொகை கொடுக்கலாம். முழுத்தொகையை இறங்கியபிறகு கொடுங்கள்.

வாகனத்தின் அளவையும் யோசியுங்கள். வேகன் ஆர் மாதிரிச் சிறிய காருக்குள் இரண்டு பேரும் இரண்டு பெரிய பெட்டியும் போகும், அதற்குமேல் போகாது. நான்கு பேர், ஆளுக்கு 30 கிலோ பெட்டி என்றால் வான்தான் வேண்டும். ‘கே.டி.எச். வான்’ என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். கூரைமேல் பெட்டி கட்டுவதானால் மழைக்குப் படங்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை வன்னியில் மாரி.

வழக்கமான பாதை நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி. குருநாகல் பக்கமாகவும் வரலாம், சில சாரதிகள் மீரிகமையிலிருந்து குருநாகல்வரை அதிவேக வீதியில் வந்து அந்த வழியை விரும்புவார்கள். இரண்டுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் சிலாபமோ புத்தளமோ நல்ல இடம். புத்தளம் தாண்டினால் அநுராதபுரம்வரை 75 கிலோமீற்றர், அதில் காட்டுப்பகுதியும் இருக்கிறது. பொழுதுபடும் நேரத்திலும் இரவிலும் அங்கே யானை வீதிக்கு வரும். எட்டத்தில் நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தை முகத்துக்கு அடிக்காமல், அது போகும்வரை இருக்க வேண்டும். படம் எடுக்க இறங்கவே கூடாது.

மதவாச்சி தாண்டி ஈரற்பெரியகுளம் வந்தால் வவுனியா மாவட்டம். அதன்பிறகு வடக்கே போகிறவர்கள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, இரணைமடுச் சந்தி என்று பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டு வரலாம், அடுத்தது கிளிநொச்சி. முறிகண்டியில் உங்கள் சாரதி கேட்காமலே நிறுத்துவார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டுதான் வண்டிகள் போகும். பத்து நிமிடம்தான் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள், இது இந்த வீதியின் வழக்கம். நீங்களும் ஒரு சரை கச்சான் வாங்குங்கள்.

ரயிலில் வருவதானால்

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ரயில் நல்ல வழி. செலவு குறைவு, உடம்புக்கு அலுப்பும் குறைவு. போரில் அழிந்த பாதையைத் திருப்பிப் போட்டு, 2013 புரட்டாதியில் கிளிநொச்சிவரையும் 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம்வரையும் ஓட விட்டார்கள். அதிகாலையிலும் காலையிலும் இரவிலும் கோட்டையிலிருந்து வண்டி உண்டு. வவுனியாவுக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும், இரவுத் தபால் வண்டி கூட எடுக்கும். நேர அட்டவணை மாறுவதால் பயணத்துக்கு முன்னைய நாள் ரயில்வே தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாரி வெள்ளத்தில் பாதை உடைந்தால் சேவை நின்றுபோவதும் உண்டு.

இருக்கைப் பதிவு 30 நாள் முன்னரே திறக்கும், நல்ல இருக்கைகள் சீக்கிரம் போய்விடும். சித்திரைப் புத்தாண்டு, பொசன் போயா என்ற பௌத்த முழுநிலா நாள், ஆவணியில் மடுமாதா திருவிழா, நல்லூர்த் திருவிழா நாட்கள் வந்தால் சொல்லவே வேண்டாம். பதியும்போது கொடுத்த கடவுச்சீட்டு இலக்கமும் கையிலிருக்கும் கடவுச்சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டாம் வகுப்புப் பதிவு இருக்கை பெரும்பாலானோருக்குப் போதும். பதிவில்லாத பெட்டியில் பெரிய பொதியோடு ஏற வேண்டாம், அநுராதபுரம்வரை நிற்க நேரும்.

விமான நிலையத்திலிருந்து கோட்டைக்குப் போக 187ஆம் இலக்க பஸ் உண்டு. அதிவேக வீதியால் போகிற பஸ் புறக்கோட்டையில் இறக்கிவிடும், அங்கிருந்து கோட்டை நிலையம் நடக்கிற தூரம். விமான நிலைய வாசலில் பஸ் நிற்காவிட்டால், அவரிவத்த பஸ் நிலையத்துக்கு ஓட்டோவில் போய் ஏறலாம். கட்டுநாயக்கவிலும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். அது புத்தளம் பாதை, வன்னிக்கு வராது. கொழும்புக்குள் போக விருப்பமில்லாதவர்கள் வேயங்கொடையிலோ பொல்காவலையிலோ ஏறலாம், ஆனால் எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. உங்கள் வண்டி நிற்குமா என்று பார்த்து, அந்த நிலையத்திலிருந்தே பதிவுசெய்யுங்கள்.

கோட்டையில் நடக்கும் பெரிய பிழை வண்டி மாறி ஏறுவது. வடக்கே போகிற வண்டிகளெல்லாம் வவுனியாவுக்குப் போவதில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை வண்டிகள் மாகோவில் கிழக்கே பிரிந்துவிடும். தலைமன்னார் வண்டி மதவாச்சியில் மேற்கே பிரிந்து செட்டிகுளம், மடுறோட், முருங்கன் வழியாக மன்னாருக்குப் போகும். மன்னாருக்குப் போகிறவர்களுக்கு அது சரியான வண்டி, வவுனியாவுக்குப் போகிறவர்களுக்கு அல்ல. வவுனியாவுக்கு யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, வவுனியா என்று போட்ட வண்டியில் ஏற வேண்டும். மேடை இலக்கம் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு, அறிவிப்பு தமிழிலும் வரும், காது கொடுங்கள்.

வண்டிக்குள் நிலையப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். மதவாச்சி தாண்டியதும் பெட்டிகளை எடுத்து வாசலுக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சிக்கு வருகிறவர்கள் அறிவியல் நகர் வந்ததும் எழும்ப வேண்டும். வண்டி இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளத்தில் எல்லா வண்டியும் நிற்காது, ஆகையால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கிப் பஸ் பிடிப்பது நிச்சயமானது. இரண்டு இடத்திலும் முல்லைத்தீவு பஸ் பகலில்தான் தாராளம், பொழுதுபட்டபின் நம்ப முடியாது.

பஸ்ஸில் வருவதானால்

கொழும்பு–யாழ்ப்பாணம் பஸ்ஸின் இலக்கம் 87. இது புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக ஓடும். சிவப்பு நிற இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் புறக்கோட்டையிலிருந்து வரும், இரவுச் சொகுசு பஸ்கள் பல வெள்ளவத்தையிலிருந்து புறப்படும். புத்தளம் வீதியால் வருகிற பஸ்கள் கட்டுநாயக்க, நீர்கொழும்புப் பக்கத்திலும் ஆள் ஏற்றும். முன்பதிவு செய்யும்போது ஏறும் இடத்தைத் தெளிவாகச் சொல்லி, நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு பஸ்ஸைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு விடியப் போய்ச் சேருகிற மாதிரித்தான் அவர்கள் நேரம் வைக்கிறார்கள். அதனால் வவுனியாவைத் தாண்டுவது இரவு இரண்டு மூன்று மணிக்கு. இருட்டில் வீதியோரம் இறங்கி நின்றால் ஓட்டோ இல்லை, விடுதி வாசல் பூட்டு, காவலாளி நித்திரை. விடுதிக்காரர் ‘எந்த நேரமென்றாலும் வாங்கோ’ என்று சொல்லியிருந்தாலும், புறப்படும்போது ஒருமுறையும் அநுராதபுரம் தாண்டும்போது ஒருமுறையும் அழைத்துச் சொல்லுங்கள். கிளிநொச்சியில் இறங்குகிறவர்கள் நித்திரையாகி யாழ்ப்பாணத்தில் கண்விழிப்பதும் வழக்கமாக நடப்பதுதான். ஏறியவுடனே நடத்துநரிடம் “தம்பி, கிளிநொச்சி டிப்போச் சந்தியிலை இறக்கம்” என்று சொல்லி, தொலைபேசியிலும் எழுப்பு மணி வையுங்கள். சொகுசு பஸ்ஸில் இடையில் இறங்கினாலும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்குரிய கட்டணமே வாங்குவார்கள்.

சாதாரண பஸ்களில் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. சாரதிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள், சிலவேளை அதற்கும் ஒரு இருக்கைக் காசு கேட்பார்கள். கைப்பெட்டியோடு தனியே வருகிறவருக்குப் பகல் பஸ் நல்ல வழி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

பலாலியில் இறங்குகிறவர்கள்

சென்னையிலிருந்து வருகிறவர்கள் யாழ்ப்பாணம் விமான நிலையத்தையும் யோசிக்கலாம். பலாலியிலிருந்து கிளிநொச்சி 80 கிலோமீற்றருக்குள், இரண்டு மணித்தியாலம் போதும். வவுனியாவுக்கு மூன்றரை. கட்டுநாயக்கவோடு பார்த்தால் அரைநாள் மிச்சம். ஆனால் சிறிய விமானம், பொதி எடை எல்லை குறைவாக இருக்கும், பயணச்சீட்டில் பார்த்துக் கட்டுங்கள். வாசலில் டாக்சி வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்காமல், வாகனத்தை முன்னரே பேசிவிட வேண்டும்.

நகரத்துக்குள், விடுதி வாசல்வரை

‘ஹோட்டல்’ என்ற சொல் இங்கே சாப்பாட்டுக் கடையைத்தான் முதலில் குறிக்கும். “ஹோட்டலுக்கு விடுங்கோ” என்றால் ஓட்டோக்காரர் நல்ல மனதோடு ஒரு சைவக் கடை வாசலில் இறக்கிவிடுவார். ‘தங்கிற இடம்’, ‘கெஸ்ட் ஹவுஸ்’, ‘லொட்ஜ்’ என்று சொல்லி, விடுதியின் பெயரையும் சந்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வவுனியா ரயில் நிலையத்திலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம்தான். குருமன்காட்டுப் பக்கத்து விடுதிகள் நிலையத்துக்கு இன்னும் கிட்ட. பஸ்ஸில் வருகிறவர்கள் புதிய பஸ் நிலையம், பழைய பஸ் நிலையம் என்று இரண்டு பெயர் கேட்பீர்கள். பழையது கடைத்தெருவோடு இருப்பது, புதியது யாழ்ப்பாணப் பக்கம் ஏ9 வீதியில். விடுதி எதற்குக் கிட்ட என்று முன்னரே தெரிந்திருந்தால் இரண்டாவது ஓட்டோ தேவைப்படாது. கிளிநொச்சி நகரம் ஏ9 வீதியின் இருபக்கமும் நீளமாகக் கிடக்கிறது, அங்கே சந்தி தவறினால் கிலோமீற்றர் கணக்கில் நடக்க வேண்டும்.

ஓட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்கள். எவ்வளவு நியாயம் என்பதை விடுதிக்கு அழைத்துக் கேட்டுவிட்டால் பேரமே வேண்டாம். பெரும்பாலானோர் நேர்மையானவர்கள்தான். ஆனால் பெட்டி, வெளிநாட்டுப் பேச்சு, முழிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விலை கொஞ்சம் ஏறும். “அண்ணை, கந்தோருக்குப் போற ஆக்களிட்டை வாங்கிற காசுதானே?” என்று சிரித்துக் கேட்டால் இறங்கிவிடுவார்கள். செயலியில் அழைக்கும் வாகனங்களை இங்கே நம்பி இருக்க முடியாது.

விடுதியில் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவார்கள், படியெடுத்ததும் மறக்காமல் திருப்பி வாங்குங்கள். அறையைப் பார்த்தபிறகு பணம் கட்டலாம்: ஏசி வேலை செய்கிறதா, நுளம்புவலை இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா. பகல் இரண்டு மணிக்குமுன் அறை தர முடியாமல் போகலாம், காலை ரயிலில் வருகிறவர்கள் அதை முதலே சொல்லி வையுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், பழக்கமில்லாத வயிறு தாங்காது. போத்தல் தண்ணீரோ வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரோ குடியுங்கள். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் மாலையே சொல்ல வேண்டும், ஆள் பார்த்துத்தான் சமைப்பார்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, இலவச அம்பியூலன்ஸ் 1990, இரண்டும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் வேலை செய்யும்.

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலையொட்டி முல்லைத்தீவில் அறை கிடைப்பது அரிது. மே 18 நினைவு நாளையொட்டியும் அந்தப் பக்கம் சனமும் பொலிஸ் சோதனையும் கூடும். அந்த நாட்களில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தங்கி, பகலில் போய்வருவது வசதி. கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பகுதிகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தால் அது மிதிவெடி எச்சரிக்கை, வீதியை விட்டு ஓர் அடியும் இறங்காதீர்கள்.

விடுதியில் பெட்டியை வைத்த அன்றைக்கே திரும்பும் பயணத்தையும் பதிந்துவிடுங்கள். அதிகாலை விமானமென்றால் முதல்நாள் காலை ரயிலில் புறப்பட்டு நீர்கொழும்பில் படுத்திருப்பது பாதுகாப்பு. இரவு விமானமென்றால் வவுனியாவிலிருந்து காலை பத்து மணிக்குள் வாகனம் கிளம்பியிருக்க வேண்டும்.